என்னைக் காட்டிப் பேசிய பேச்சு

எங்கள் வீட்டு ஹாலில் சாயங்காலம் ஆனால் பேச்சைப் பிரித்துப் பார்க்கிற பாடம் நடக்கும். மருமகள் டியூஷன் எடுக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலப் பாடம்தான், ஆனால் அவள் விளக்குவதெல்லாம் தமிழில். நான் சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டு கேட்பேன். அங்கே உட்கார்ந்தால் ஃபேன் காற்று வரும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அங்கே காற்றே வராது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோவில்பதாகையில் ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மளிகைச் சாமான் கட்டிவந்த காகிதம்தான். அதனால் மருமகள் பாடம் சொல்லும்போது, அறுபது வருஷம் கழித்து மறுபடியும் ஒரு பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு கிடைத்த மாதிரி இருக்கும். அவளுக்கு இது தெரியாது. சொல்ல எனக்குக் கூச்சம்.

ஒருவர் நம்மைத் தன் பக்கம் இழுக்க எப்படியெல்லாம் பேசுகிறார் என்பதுதான் பாடம். ரோடு அகலப்படுத்த மரம் வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பாள். ஒருத்தர் அதை வளர்ச்சி என்று எழுதுவார், இன்னொருத்தர் கொலை என்று எழுதுவார். மரம் ஒன்றுதான். “எந்த வார்த்தையை எடுத்தாங்கன்னு பாருங்க. அதைவிட முக்கியம், எந்த வார்த்தையை எடுக்காம வுட்டாங்கன்னு பாருங்க.”

இன்னொரு நாள் சொன்னாள். “ஆயிரம் பேருக்குக் கஷ்டம்னு சொன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஒரே ஒரு வயசானவங்களைக் கொண்டாந்து நிறுத்தி, இவங்களுக்குக் கஷ்டம்னு சொல்லிப் பாருங்க. அதுக்கப்புறம் யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க.”

ஒரு பையன் கேட்டான். “அப்ப அது பொய்யா மிஸ்?”

“பொய்யா இருக்கணும்னு இல்லடா. நெசமாவும் இருக்கலாம். அவரு உன்னை என்ன செய்ய வைக்கிறாருன்னு பாரு.”

இதைக் கேட்டதிலிருந்து டிவி பார்ப்பதே எனக்கு வேறு விளையாட்டாகிவிட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வந்தால் சமையல் எண்ணெய் விற்கப் போகிறார். “உங்க குழந்தைக்கு நீங்க இதுகூடச் செய்ய மாட்டீங்களா” என்று ஒரு பெண் கேட்டால், அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் வேண்டாம், மாவு டப்பா நகர வேண்டும். எனக்கு நானே சிரித்துக்கொள்வேன். வயதான காலத்தில் நமக்கும் ஒன்று புரிகிறதே என்று கொஞ்சம் திமிர் கூட வந்தது. அந்தத் திமிர் போன கதையைத்தான் எழுதுகிறேன். கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

மேனாம்பேட்டில் எங்கள் ஃபிளாட் கேட்டுக்குப் பக்கத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு புங்கமரம். அதன் கீழே ஒரு மீன்கார அம்மா காலையில் கடை போடுவாள். விடிவதற்கு முன்னால் காசிமேடு போய் மீன் எடுத்து, ரயிலில் அம்பத்தூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். அலுமினிய அன்னக்கூடை, அருவாமனை, ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஐஸ் கரைந்த தண்ணீர். அவ்வளவுதான் கடை. என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். என்னை அக்கா என்பாள்.

அவளுக்கு என் கைமேல் ஒரு நம்பிக்கை. நான் முதல் வியாபாரம் செய்தால், அதாவது போணி பண்ணினால், அன்றைக்குக் கூடை சீக்கிரம் காலியாகிவிடுமாம்.

“யக்கா, நீ தொட்டா வெயிலு ஏறாங்காட்டியும் ஊட்டுக்குப் போய்டுவேன். வேற எவளாச்சும் தொட்டான்னு வையி, ஈ ஓட்டிகினு உக்காந்துகினு கீறேன்.”

என் கையில் ராசி இருக்கிறது என்று என் பிறந்த வீட்டிலும் யாரும் சொன்னதில்லை, புகுந்த வீட்டிலும் சொன்னதில்லை. அதனால் அவள் வருகிற நேரத்துக்கு முன்னால் நான் கீழே இறங்கி நிற்பேன். கொஞ்சம் நெத்திலி, இல்லையென்றால் ஒரு சங்கரா. வீட்டில் வேண்டுமோ வேண்டாமோ, போணி பண்ணிவிடுவேன்.

ஒரு நாள் ரயில் தாமதம் போலிருக்கிறது, அவள் வரவில்லை. எனக்கு ரத்தக்கொதிப்புக்கு நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தேன். அந்த மாத்திரையைப் போட்டால் அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். நெருக்கியது. லிஃப்டில் ஏறி ஒரு எட்டுப் போய்விட்டு வந்திருக்கலாம். ஆனால் முதல் மாடிப் பெண் கையில் பையோடு மரத்தடியில் வந்து நின்றுவிட்டாள். நான் மேலே போன நேரத்தில் ஆட்டோ வந்தால் அவள் போணி பண்ணிவிடுவாள். மீன்காரம்மா நாளெல்லாம் வெயிலில் உட்காருவாள். இதோ வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டோ வந்தது. அவள் கூடையை இறக்கினாள், பேசினை இறக்கினாள். நான் குனிந்து ஒரு மீனைத் தொட்டேன். குனிந்ததுதான் தப்பு. அடக்கி வைத்ததெல்லாம் போய்விட்டது. கால் வழியாக வழிந்து தரையில் பரவியது. பதறிப் பின்னால் நகர்ந்தேன், அந்த ஈரத்திலேயே கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கையை ஊன்றியதில் மணிக்கட்டு பிசகியது.

முதல் மாடிப் பெண் அந்தப் பக்கம் திரும்பி போனில் பேசிக்கொண்டிருந்தாள். பார்த்தது மீன்காரம்மா மட்டும். தரையைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் பேசினைத் தூக்கி மீன் தண்ணீர் அத்தனையையும் என் மேலும் தரையிலும் கவிழ்த்தாள். பிறகுதான் கத்தினாள்.

“அய்யய்யோ, பேசினு சாஞ்சிடுச்சே. யக்கா, வயுக்கிடுச்சா? ஏம்மா, போன் பேசிகினு கீறியே, வந்து ஒரு கை புடி.”

ஓடி வந்தார்கள். வாட்ச்மேன் வந்தார். எல்லோரும் அவளைத் திட்டினார்கள். “பாத்து வெக்க மாட்டியா? வயசானவங்க நடக்கிற எடம்.” அவள் தலையைக் குனிந்து, “எந் தப்புதான், எந் தப்புதான்” என்றாள். நான் மீன் நாற்றத்தோடு லிஃப்டில் ஏறினேன். அந்த நாற்றம் எனக்கு அன்றைக்குப் போர்வை மாதிரி இருந்தது.

என் மகன்தான் ஃபிளாட் சங்கத்துச் செயலாளர். கம்ப்யூட்டர் வேலை. நல்லவன், என்மேல் உயிர். ஆஸ்பத்திரியில் என் கைக்குக் கட்டுப் போடும்போது அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பெற்ற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? அவனுக்குக் கோமணம் கட்டி, கழுவி, துடைத்து வளர்த்தவள் நான். அது திரும்பி வருகிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

புதிதாகக் குடிவந்த சிலருக்கு மீன் கடை பிடிக்கவில்லை. நாற்றம், ஈ, நாய் என்று முன்பே வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விழுந்தது அவர்களுக்குத் தோதாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம். மீன் கடை போடுகிற இடத்தைக் காலி செய்யச் சொல்லி எல்லோரும் கை தூக்கிவிட்டால் அடுத்த நாளே சுவரோரம் கம்பி வேலி போட்டுவிடுவார்கள். அவளுக்கு வேறு இடம் கிடையாது. மற்ற தெருக்களிலெல்லாம் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

“அம்மா, நீயும் வந்து சும்மா உக்காரு” என்றான் மகன்.

மருமகள் என் கையைப் பார்த்து, “வீக்கம் வத்திடுச்சே, கட்டைப் பிரிச்சிடலாமா அத்தை?” என்றாள்.

“இருக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்” என்றான் அவன்.

மருமகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். மகன் எழுந்து பேச ஆரம்பித்தான். அவன் இவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று எனக்குத் தெரியாது.

“நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி” என்று தொடங்கினான். ஹாலில் மருமகள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. முதலில் நாம் என்று சொல்லி எல்லோரையும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள், வெளியே யார் நிற்கிறார்கள் என்று நாம் பார்க்க மாட்டோம். வெளியே நின்றவள் மீன்காரம்மா.

“அந்த அம்மா மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. பாவம், உழைச்சுச் சாப்பிடறவங்க.” இதற்குப் பின்னால் ஒரு ஆனால் வரும் என்று நினைத்தேன். வந்தது. “ஆனா ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான்.” ஒரு கூடையும் ஒரு அருவாமனையும் வைக்கிற இடம் அந்த ஒரு வார்த்தையில் ஊரையே வளைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. “நாளைக்கு ஸ்கூல் வேனுக்கு நிக்கிற நம்ம குழந்தை ஒண்ணு அங்க வழுக்கி விழுந்தா யாருங்க பொறுப்பு?” எல்லோரும் பிள்ளைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

தரைத்தளத்தில் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர் ஒருவர் இருக்கிறார். அவர் மட்டும் குறுக்கே பேசினார்.

“அப்ப மீனு எங்கப்பா வாங்குறது? போன்ல ஆர்டர் போட்டா தலையும் இல்லாம வாலும் இல்லாம முண்டமா வருது. குழம்புக்குத் தலை வேணாமா?”

சிரித்தார்கள். மகனும் சிரித்தான். “சார் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். சார் மாதிரிப் பெரியவங்க எங்கம்மா மாதிரி விழுந்துடக் கூடாதுன்னுதான் சார் இவ்ளோ பேசறேன்.” அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மகன் கொஞ்ச நேரம் நிறுத்தினான். குரலை இறக்கினான்.

“எங்கம்மாவைப் பாருங்க.”

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. “யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவங்க. சத்தமாப் பேசிக்கூட நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. அன்னிக்கு அந்தச் சாக்கடைத் தண்ணியில கிடந்தாங்க. தூக்க ஆள் இல்லாம.” பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவன் சொல்லச் சொல்ல எனக்கே கண்ணில் நீர் வந்தது. ஐயோ பாவம், யாரோ ஒரு கிழவி, தண்ணீரில் கிடக்கிறாளே என்று. கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் அது என் கை என்று உறைத்தது. நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து இரண்டு பெண்கள் அழுதார்கள்.

பாடத்தை அத்தனை நாள் கேட்டு என்ன பிரயோஜனம்? டிவியில் எண்ணெய் விற்பவனைக் கண்டுபிடித்தேன். கொண்டுவந்து நிறுத்தப்பட்ட அந்த ஒரே ஒரு வயசானவள் நான்தான் என்று கண்டுபிடிக்க, நானே அழுது முடிக்க வேண்டியிருந்தது. அவன் சொன்னதில் முக்கால்வாசி அவனுக்கு நிஜம். மிச்சத்தைப் பொய்யாக்கியது நான் வாய் திறக்காததுதான்.

“காலி பண்ணச் சொல்றவங்க கை தூக்குங்க” என்றான்.

“அது மீன் தண்ணி இல்ல” என்றேன். எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மருமகளுக்குக் கேட்டது.

“என்ன அத்தை?”

“அது மீன் தண்ணி இல்லம்மா. நான்தான்.” எழுந்து நின்றேன். “எனக்கு அடக்க முடியல. அவ வர்றதுக்காக நின்னேன், போயிடுச்சு. அதுலதான் வழுக்கிச்சு. அவ தண்ணி ஊத்தினது அதுக்கப்புறம். யாரும் பாக்கக் கூடாதுன்னு ஊத்தினா.”

மகன் என் அருகே வந்து தோளில் கை வைத்தான்.

“பாத்தீங்களா? இதுதான் எங்கம்மா. ஒருத்தர் பொழப்பு கெடக் கூடாதுன்னு பழியைத் தன் தலையிலயே தூக்கிப் போட்டுக்கறாங்க.”

கை தட்டினார்கள். எனக்கு எழுபது வயது வரைக்கும் யாரும் கை தட்டியதில்லை. சேலையில் மூத்திரம் போனேன் என்று சொன்னதற்குத் தட்டினார்கள், அதையும் நம்பாமல் தட்டினார்கள். பொய் சொல்லி மானம் போவது ஒரு வகை. உண்மையைச் சொல்லி, அதைப் பாராட்டி ஒதுக்கிவிட்டால், அப்புறம் எங்கே போய் நிற்பது? நான் மகன் முகத்தைப் பார்த்தேன். அவன் நடிக்கவில்லை. அவனும் அப்படித்தான் நம்பினான். பேசிப் பேசி அவன் பேச்சு அவனையே பிடித்துக்கொண்டிருந்தது. தட்டிய கைகளே காலி செய்யச் சொல்லி மேலே போக ஆரம்பித்தன.

அப்போது மருமகள் எழுந்தாள். பாடம் எடுக்கிற குரல் இல்லை அது.

“அத்தை நல்ல மனசுக்காகச் சொல்லல. நடந்ததைச் சொல்றாங்க. அன்னிக்குத் துணியைத் தோச்சது நான். எனக்கு அன்னிக்கே தெரியும்.”

அதோடு உட்கார்ந்துவிட்டாள். வேறு எதுவும் சேர்க்கவில்லை. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் போனைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்க யாராலும் முடியவில்லை. ரயில்வேக்காரர்தான் தொண்டையைக் கனைத்து, “வயசானா எல்லாருக்கும் உள்ளதுதாம்மா. எனக்கு ரயில்லயே ஆயிருக்கு” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. மீன் கடை விஷயம் அப்படியே நின்றது. டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கம்பி வேலி பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான். “எங்கிட்ட சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனாம்மா?”

“உங்கிட்ட எப்பிடிப்பா சொல்றது?”

“இவகிட்ட மட்டும் சொன்னியா?”

“அவகிட்டயும் சொல்லல.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் கைக்கட்டைப் பிரித்தான். பிரிக்கும்போது என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. மூன்று பேரும் அன்றைக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துச் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் நான் கீழே இறங்கவில்லை. லிஃப்டில் யாராவது இருப்பார்கள், கேட்டில் யாராவது நிற்பார்கள். என்னைப் பார்த்தால் அவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். பால்கனிக் கதவைக்கூடத் திறக்கவில்லை. ஒரு நாள் காலையில் கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

“யக்கா. யக்கோவ். கால் வரலியா, மனசு வரலியா? எறங்கி வா.”

ஃபிளாட் முழுக்கக் கேட்கும். இன்னொரு தரம் கூப்பிடுவதற்குள் ஓடி இறங்கினேன். மரத்தடியில் அப்போது வேறு யாரும் இல்லை. நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்று சொன்னால் அதுவும் ஒரு வெட்கம். எதிர்பார்த்தேன். அவள் அருவாமனையை இழுத்துப் போட்டுக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள்.

“உன்ன யாரு சொல்லச் சொன்னா? வாட்ச்மேன் சொல்றான், சபையில எயுந்து எல்லாத்தயும் கக்கிட்டியாமே. எம் மீன் தண்ணிய ஊத்தி மறச்சேன். அத நீ வாரி வெளிய போட்ட.”

“உன் எடம் போயிடும்னு...”

“எடம் போனா இன்னொரு எடம். நானு எத்தினி எடம் மாறுனவ. உனுக்கு இன்னோரு மானம் எங்கயாச்சும் விக்கிதா?”

அவள் ஒரு சங்கராவை எடுத்துச் செதில் சீவினாள். சீவிக்கொண்டே குரலைத் தணித்தாள்.

“அது எனுக்கு எப்பிடித் தெரிஞ்சிதுன்னு நெனச்ச? பாத்தவொடனே தெரிஞ்சிதே, எப்பிடி?”

அவள் மீனை மறுபக்கம் திருப்பினாள்.

“காத்தாலேர்ந்து மத்தியானம் வரிக்கும் இங்க உக்காந்துகினு கீறேனே. நான் எங்க போறேன்னு நெனச்ச?”

நான் நினைத்ததே இல்லை. அவள் அங்கே உட்கார ஆரம்பித்து எத்தனையோ வருஷம். போணி பண்ணுவேன், மீனை வாங்குவேன், மேலே போய்விடுவேன். எங்கள் கேட்டுக்குள்ளே வேலைக்காரப் பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் இருக்கிறது. அதற்கு எப்போதும் பூட்டு.

“எதுத்தாப்ல டெய்லர் பாய் ஊடு கீது பாரு. அவுரு சம்சாரம் பின்னாடிக் கதவத் தொறந்து வுடும். நல்ல மனுசி. அவங்க பூந்தமல்லிக்கு மாமியாவூட்டுக்குப் போய்ட்டாங்கன்னு வையி, அன்னிக்குப் பூரா தண்ணியே குடிக்க மாட்டேன். எனுக்கும் ஆயிருக்கு. இதே எடத்துல. அன்னிக்கும் பேசினுதான் சாஞ்சிது.”

சொல்லிவிட்டு மீனைக் கழுவினாள். கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்.

“எங்க ஊட்டுக்கு வாயேன். மூணாவது மாடிதான். லிஃப்ட்டு இருக்கு.”

அவள் செதில் ஒட்டிய கையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“இந்தக் கையோட லிஃப்ட்ல ஏறுனா நாத்தம்னு உம் புள்ள இன்னோரு மீட்டிங்கு போடுவான். அப்பயும் நீதான் எயுந்து பேசணும். பேசுவியா?”

பேசுவேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் பள்ளிக்கூட வேனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பெண்கள் கேட்டுக்கு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் பார்வையை மரத்துக்கு மாற்றினார்கள். நான் மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் இன்னும் அங்கேதான் கடை போடுகிறாள். இதுவரை எங்கள் லிஃப்டில் ஏறியதில்லை. நானும் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.